அப்புறம் அக்காவும் கட்டிக்குள் இருந்த கூட்டமும்

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், சலவை அறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே ஒரு நீளமான அறை. அதுதான் லேப். அங்கே வேலை பார்த்த அந்தப் பெண்மணிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளத்தன்றைக்கு மட்டும்தான் பயன்பட்டது. மற்ற நாளெல்லாம் அவள் 'அப்புறம் அக்கா'. பட்டப்பெயர் சும்மா வரவில்லை. யார் எதைச் சொன்னாலும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு "அப்புறம்?" என்பாள். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது என்றால், "அப்புறம்?" மேல்மாடி நர்ஸ் வேலையை விடப்போகிறாளாம் என்றால், "அப்புறம்?" சொல்ல வந்தவர்களுக்குச் சரக்கு தீர்ந்துபோய், இல்லாததும் பொல்லாததும் சேர்த்துச் சொல்லி ஒப்பேற்ற வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்டவளுக்கென்று பார்த்து ஒரு வேலை வாய்த்தது. ஆபரேஷன் தியேட்டரில் வெட்டி எடுத்த சதை அந்த லேபுக்கு வரும். டாக்டர் அதைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, எந்தத் துண்டு எந்த இடத்திலிருந்து என்று எண் போட்டுக் கொடுப்பார். அதை மெழுகில் புதைத்து இறுகவைத்தால் அதற்குப் பெயர் பிளாக். அந்த பிளாக்கை அவள் தன் மெஷினில் பூட்டிச் சக்கரத்தைச் சுற்றுவாள். தலைமுடியைவிட மெல்லிய ஏடு ஒன்றன்பின் ஒன்றாக ரிப்பன் மாதிரி இறங்கும். அதை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி, நீலமும் ரோஸுமாகச் சாயம் ஏற்றி, பக்கத்து அறை டாக்டருக்கு அனுப்புவாள். அத்தோடு சரி. அந்தச் சதைக்குச் சொந்தக்காரர் ஆணா பெண்ணா, பிழைத்தாரா போனாரா, ஒரு சேதியும் திரும்பி வராது. எண் மட்டும்தான். அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்று கேட்டே வளர்ந்தவளுக்கு ஆயுசு முழுக்கப் பாதிக் கதைதான் கிடைத்தது.

முழுசாகத் தெரிந்தவை இரண்டே கதைகள். அந்த இரண்டும்தான் அவளை அரித்துக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரி கேட் வாட்ச்மேனுக்கும் ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் ஒரே வருஷத்தில் பெருங்குடலில் கட்டி. கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரே இடம். இரண்டையும் வெட்டியது அவள் கைதான். ஆம்புலன்ஸ் டிரைவர் அடுத்த வருஷம் வருவதற்குள் போய்விட்டார். வாட்ச்மேனோ இன்றுவரை காலையில் அவளைப் பார்த்தால் விறைப்பாக ஒரு சல்யூட் வைக்கிறார். வயது ஏற ஏற சல்யூட்டின் விறைப்பும் ஏறிக்கொண்டு போகிறது. ஏன் இவருக்கு இப்படி, அவருக்கு அப்படி? முன்பிருந்த பெரிய டாக்டரிடம் கேட்டாள். "எல்லாம் அதிர்ஷ்டம்மா" என்றார் அவர். அந்தப் பதில் அவளுக்குச் செரிக்கவே இல்லை. அதிர்ஷ்டம் என்றால் அது எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது, நீலமாக இருக்குமா ரோஸாக இருக்குமா என்று அவளுக்குப் பார்க்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அவள் தம்பிக்கு வயிறு வலித்தது.

தம்பி லாரிக்காரன். சொந்த லாரி. என் முகத்தைப் பார்த்த நேரத்தைவிட லாரியின் முகத்தைத் துடைத்த நேரம்தான் அதிகம் என்று அவன் மனைவியே சொல்லுவாள். வாய் ஓயாது அவனுக்கு. வயிற்றுவலியையும் வாயாலேயே விரட்டிக்கொண்டு, வாயுத் தொல்லை, சூடு, தூக்கம் போதவில்லை என்று மாதக்கணக்கில் ஓட்டினான். கடைசியில் குடல் அடைத்துக்கொண்டு, சரக்கு இறக்கப் போன இடத்திலேயே சுருண்டு விழுந்தான். அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே அவசர ஆபரேஷன் நடந்தது. பெருங்குடலில் பெரிய கட்டி. அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஸ்கேனில் ஈரலிலும் சில புள்ளிகள் தெரிந்தன. லேப் ரிசல்ட் வரட்டும், மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லிவிட்டு சர்ஜன் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

தம்பி அக்காவைக் கட்டிலருகே கூப்பிட்டான்.

"அக்கா, இவங்கல்லாம் பூசி மெழுகிப் பேசறாங்க. என் சதை உன் மேஜைக்குத்தானே வரும்? நீ பாத்துச் சொல்லு."

"நான் வெட்டறவடா. பாத்துச் சொல்றது டாக்டர் வேலை."

"இத்தனை வருஷமா பாக்கற, உனக்குத் தெரியாதா? தேறும்னா என்ன வேணா பண்ணட்டும், படுத்துக்கறேன். தேறாதுன்னா ஊசியும் குழாயுமா இங்க கிடக்க மாட்டேன். வீட்டுக்குப் போயிடுவேன். நீ என்ன சொல்றியோ அதான்."

காலடியில் உட்கார்ந்திருந்த அவன் மனைவியும், "அண்ணி சொல்றபடியே செய்வோம்" என்றாள். அது தன் வேலை இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டாள். எந்த அக்காதான் அந்த இடத்தில் மாட்டேன் என்று சொல்லியிருப்பாள்?

தம்பியின் ஃபைலில் இருந்த எண்ணை வைத்து அவன் பிளாக் எது என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். லேபில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர்களின் பிளாக் வந்தால் அதை வேறொருவர் வெட்ட வேண்டும். எழுதிவைத்த சட்டம் ஒன்றுமில்லை, கை நடுங்கும் என்று வந்த பழக்கம். பக்கத்து மெஷினில் வேலை பார்க்கும் நெட்டை, அலமாரியின் மேல்தட்டை ஸ்டூல் போடாமலே எட்டுகிறவன், கையை நீட்டினான்.

"குடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்."

"வேணாம். உன் கையில ஏட்டுல மடிப்பு விழும்."

"எல்லார் கையிலயும்தான் மடிப்பு விழுது."

"என் கையில விழாது."

விழவும் இல்லை. அன்றைக்கு இறங்கிய ரிப்பனைப் போல ஒழுங்காக அவள் கையில் அதற்கு முன் இறங்கியதில்லை என்று நெட்டையே பிற்பாடு சொன்னான்.

சாயம் ஏற்றியபின் அது சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு அவள் மேஜையில் ஒரு பழைய மைக்ரோஸ்கோப் இருந்தது. பெரிதாகக் காட்டும் லென்ஸைப் போட்டு, ஏட்டின் நடுவில் ஓரிடத்தைப் பார்ப்பாள். நீலம் தெளிவா, ரோஸ் வெளுத்திருக்கிறதா, அவ்வளவுதான் அவள் வேலைக்கு வேண்டியது. ஓரம் வரைக்கும் துழாவ அவளுக்கு நேரம் ஏது? தம்பியின் ஸ்லைடையும் பழக்கதோஷத்தில் அப்படியேதான் பார்த்தாள்.

பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. கடுகைக் கொட்டிவிட்ட மாதிரி எங்கு பார்த்தாலும் சின்னச் சின்ன நீல உருண்டைகள். அவற்றுக்கு நடுவே திட்டுத் திட்டாக, பெரிதாக, கோணல்மாணலாகப் புற்று அணுக்கள். இப்படி ஒரு படத்தை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். கழுத்திலும் அக்குளிலும் குடலைச் சுற்றியும் இருக்கிற, கிருமி வந்தால் வீங்குகிற நெறிக்கட்டி இப்படித்தான் இருக்கும். வெள்ளை அணுக்கள் கூட்டமாகக் குடியிருக்கும் இடம் அது. சாயம் ஏற்றினால் நீலக் கடுகு. அதற்குள்ளே புற்றுத் திட்டுகள் தெரிந்தால், நோய் கட்டியை விட்டுக் கிளம்பி நெறிக்கட்டிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த ஸ்லைடை வைத்தாள். அதிலும் கடுகு. அதற்கடுத்ததிலும் கடுகு. எல்லாவற்றிலும் 'கட்டி' என்றுதான் எழுதியிருந்தது. அவளாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். கட்டி என்று நினைத்து நறுக்கியதெல்லாம், வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிப்போன நெறிக்கட்டிகள்தான். நோய் அத்தனையையும் தின்றுவிட்டது. இனி என்ன இருக்கிறது?

ஸ்லைடு பார்த்துச் சொல்கிற டாக்டரம்மா இருந்தது பக்கத்து அறையில். எழுந்துபோய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊர் உலகத்தில் இருக்கிறவர்கள் கதையெல்லாம் நோண்டி நோண்டிக் கேட்டவள், தன் தம்பி கதையைக் கேட்கப் பயந்தாள். கேட்டால் பதில் வந்துவிடுமே! ட்ரேயை நெட்டையிடம் கொடுத்தனுப்பிவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் வார்டுக்குப் போனாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

தம்பி அவளைப் போலவே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்றான். வீட்டில் வழக்கமாகச் செய்கிற கிண்டல்தான். அன்று அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வீட்டுக்குப் போலாம்டா."

தம்பி போர்வையை மார்பு வரை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு, "சரி. இதைச் சொல்றதுக்கா இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?" என்றான்.

அவன் மனைவிதான் விடவில்லை. "அண்ணி, நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா."

தையல் பிரித்ததும், இனி ஒன்றும் வேண்டாம் என்று சர்ஜனிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். சர்ஜன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தம்பி காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போன கையோடு லாரியை வாங்க ஆள் பார்க்கச் சொன்னான்.

லேப் டாக்டரம்மா வயதில் அவளைவிட இளையவர். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் பக்கத்தில் டீ ஆறி ஆடை கட்டிவிடும். எந்த எண் யாருடையது என்று அவருக்கும் தெரியாது. தம்பியின் கட்டிக்கு அவர் வேறு வேறு விசேஷச் சாயங்கள் கேட்டார், நெட்டை செய்து கொடுத்தான், நாள் ஓடியது. ஒருநாள் காலை அறையிலிருந்து குரல் வந்தது.

"அப்புறம் அக்கா, இங்க வாங்களேன். இதைப் பாக்காம நீங்க இருக்கக் கூடாது."

எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேர் ஒரே ஸ்லைடைப் பார்க்கிற மைக்ரோஸ்கோப் அது. அவள் உட்கார்ந்தாள். ஓரக்கண்ணில் எண் பட்டது. தம்பியின் எண்.

"இந்த வருஷம் நான் பாத்ததிலேயே அழகான கட்டி இதுதான்க்கா" என்றார் டாக்டரம்மா.

அவளுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! "அழகா? ஒரு மனுஷன் வீட்டுல படுத்துக்கிட்டு நாளை எண்ணிக்கிட்டு இருக்கான். உங்களுக்கு அழகா இருக்கா?"

டாக்டரம்மா லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தார். அந்த லேபில் அவரிடம் யாரும் குரலை உயர்த்தியதில்லை. "யாருக்கா அது?"

"என் தம்பி."

"ஐயோ. எனக்குத் தெரியாதே. எண் மட்டும்தானே வருது."

"ஆமா, எண் மட்டும்தான் வருது. நெறிக்கட்டி முழுக்கப் பரவினதை என் கண்ணால பாத்துட்டேன், டாக்டர். நான்தான் வீட்டுக்குப் போகச் சொன்னேன்."

"எந்த நெறிக்கட்டி?"

"இதோ. இந்தக் கடுகு."

டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. லென்ஸைச் சின்னதுக்கு மாற்றி, ஸ்லைடை மெல்ல ஓரத்துக்கு நகர்த்தினார். "நெறிக்கட்டின்னா சுத்தி ஒரு உறை இருக்கணும். இருக்கா?"

"இல்ல."

"இந்தப் பக்கம் பட்டை பட்டையா ரோஸா ஓடுதே, அது என்ன?"

அதை அவள் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். "குடல் தசை."

"அப்ப நாம எங்க இருக்கோம்?"

அவள் லென்ஸில் இன்னொரு தடவை கண்ணை வைத்தாள். "கட்டியிலதான் இருக்கோம்."

"கட்டியிலயேதான் இருக்கோம். நெறிக்கட்டி எல்லாம் தனி பிளாக்ல போட்டேன், அதுல ஒண்ணு ரெண்டுல நோய் இருக்கு. ஈரல்லயும் புள்ளி இருக்கு, மறைக்கல. ஆனா நீங்க பாத்தது நெறிக்கட்டி இல்லக்கா. நானே முதல்ல ஒரு நிமிஷம் ஏமாந்தேன். எல்லாரும் வழுக்கற இடம் இது."

"அப்ப இந்தக் கடுகெல்லாம் யாரு?"

"உங்க தம்பியோட ஆளுங்க. கட்டியை அடிக்கறதுக்கு உடம்பு அனுப்பின ஆளுங்க. நெட்டை போட்ட சாயத்தைப் பாருங்க." அடுத்த ஸ்லைடை வைத்தார். அதில் அடிக்கிற வேலைக்கென்றே இருக்கும் அணுக்கள் மட்டும் காப்பி நிறமாகத் தெரிந்தன. அவை கட்டியின் உள்ளே புகுந்து, புற்று அணுக்களை ஒட்டி உரசிக்கொண்டு நின்றன. ஒன்றிரண்டு அல்ல, கூட்டம் கூட்டமாக.

அவள் கண்ணை எடுக்கவில்லை. பயந்து எங்கோ ஒளிந்திருந்த பழைய குணம் மெல்ல எழுந்து உட்கார்ந்தது. "இவங்களை யாரு கூப்பிட்டாங்க?"

"கட்டியே கூப்பிட்டுக்கிச்சு. அணு ரெண்டாகும்போது உள்ளே இருக்கறதை அப்படியே நகல் எடுக்கணும். அதுல தப்பு வந்தா சரிபண்ண ஒரு ஏற்பாடு உண்டு. இந்தக் கட்டியில அந்த ஏற்பாடே கிடையாது. அதனால தப்பு மேல தப்பு சேந்து, பாக்கவே அசிங்கமா, வேத்து ஆள் மாதிரி ஆயிடுச்சு. அதான் உடம்பு சட்டுனு அடையாளம் கண்டுக்கிச்சு. ஒழுங்கா இருக்கிற கட்டியை அப்படிக் கண்டுக்காது."

"அப்புறம்?"

அந்த வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. வெளியில் நெட்டை மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

"இவ்வளவு பேர் வந்தும் கட்டி வளந்திருக்கே, டாக்டர். சும்மா நின்னு வேடிக்கையா பாத்தாங்க?"

"கரெக்டான கேள்வி. அடிக்க வந்தவங்க கையை இந்தக் கட்டி பிடிச்சு வச்சிருக்கு. நானும் உங்க ஆளுதான், அடிக்காதேன்னு ஒரு சைகை காட்டுது. இப்ப ஒரு மருந்து இருக்குக்கா. அது நேரடியாப் புத்தைக் கொல்லாது. பிடிச்ச கையைத் தட்டிவிடும், அவ்வளவுதான். ஆளே இல்லாத கட்டிக்கு அதைக் குடுத்தாப் பெரும்பாலும் வீண். இங்க ஆளுங்க ஏற்கெனவே உள்ள வந்து நிக்கறாங்க."

"அப்ப என் தம்பி தேறிடுவானா?"

"தேறிடுவார்னு சொன்னா அது பொய். கூட்டத்துல இருக்கறவங்க எல்லாரும் நம்ம ஆளா இருக்க மாட்டாங்க. சிலர் அடிச்சு அடிச்சுக் களைச்சுப் போயிருப்பாங்க, சிலர் கட்டிக்கே சோறு போட்டுக்கிட்டு இருப்பாங்க. இந்த மாதிரிக் கூட்டம் இருந்தும் மருந்து கேக்காதவங்க உண்டு. ஆனா வீட்டுக்கு அனுப்பற கேஸ் இல்லக்கா இது."

அவள் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. கேட்டில் வாட்ச்மேன் சல்யூட் வைக்கக் கையைத் தூக்குவதற்குள் தெருவைத் தாண்டிவிட்டாள்.

தம்பி வீட்டு வாசலில் லாரி நின்றது. வாங்க வந்த ஆள் டயரைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி, நழுவுகிற பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் லாரியின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தான்.

"வண்டி விக்கறதுக்கில்லைங்க" என்றாள் அவள், மூச்சு வாங்க.

அந்த ஆள் அவளுடைய நீலக் கறை படிந்த மேலங்கியையும் கையையும் ஏற இறங்கப் பார்த்தார். "இவங்க யாருங்க?"

"எங்கக்கா. அவ சொல்லிட்டா அப்பீலே கிடையாது. நீங்க கிளம்புங்க, நான் போன் பண்றேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அவள் லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் தப்பாப் பாத்துட்டேன்டா. நடுவுலயே பாத்தேன். ஓரத்தைப் பாக்கல. உன்னைக் கொன்னிருப்பேன்டா நான்."

தம்பி ஒன்றும் புரியாமல் நின்றான். அவன் மனைவி உள்ளிருந்து ஓடிவந்தாள். அக்கா கடுகையும் கூட்டத்தையும் பிடித்த கையையும் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை அழுதுவிட்டாள். தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? வண்டியில உக்காந்தா சைடு கண்ணாடியைப் பாக்கணும்னு."

அவள் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஆபரேஷன் ஆன உடம்பு என்று அவன் மனைவி கத்தினாள். மூன்று பேரும் சிரித்தார்கள், அழவும் செய்தார்கள், எது எப்போது என்று சொல்ல முடியாது.

"அப்ப எஞ்சின் நல்லாத்தான் இருக்கு" என்றான் தம்பி. "எவனோ ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுட்டான்."

"ஆமாண்டா."

"எடுத்துவிட்டா ஓடுமா?"

"ஓடலாம். ஓடாமலும் போகலாம்."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "வீட்டுக்குப் போன்னு சொன்னதும் இதே வாய்தானே?"

அது சுருக்கென்று தைத்தது. ஆனால் நியாயமான கேள்வி. "இதே வாய்தான். அதான் இந்தத் தடவை என் பேச்சைக் கேக்காத. வா, டாக்டர் வாயாலயே கேளு" என்றாள். கேட்டான். மருந்தும் ஆரம்பித்தது.

மருந்து ஏற்றும் கூடத்தில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருக்கும். தம்பிக்குப் பக்கத்து நாற்காலி ஒரு கணக்கு டீச்சருக்கு. அவருக்கும் குடலில் கட்டி, ஈரலில் புள்ளிகள். இருவரும் ஆரம்பித்தது ஒரே நாள். தம்பி வாயைத் திறந்தால் டீச்சர் அவன் சொல்லும் டீசல் கணக்கைத் திருத்துவார். யாருடைய பாட்டில் முதலில் காலியாகும் என்று இருவருக்கும் போட்டி. பாட்டில்களில் இருந்தது வேறு வேறு மருந்து என்பதை இருவருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மருந்து அவனையும் சும்மா விடவில்லை. உடம்பெல்லாம் தடித்து அரித்தது. அவிழ்த்துவிட்ட ஆட்கள் சொந்த வீட்டிலேயே கை வைத்து, தைராய்டைக் கெடுத்துவிட்டார்கள். இனி ஆயுசுக்கும் அதற்கு மாத்திரை. "பிரேக்கை எடுத்தா வண்டி சரிவுல உருளத்தானே செய்யும்" என்று சொறிந்துகொண்டே சொன்னான். ஆனால் அடுத்த ஸ்கேனில் ஈரல் புள்ளிகள் சுருங்கியிருந்தன. அதற்கடுத்ததில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது உயிருள்ளதா வெறும் தழும்பா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவன் லாரியை எடுத்துப் பக்கத்துச் சவாரிகளுக்குப் போக ஆரம்பித்தான்.

அவள் இந்த இடத்தில் விட்டிருந்தால் அப்புறம் அக்கா ஆகியிருப்பாளா? டாக்டரம்மாவிடம் அனுமதி வாங்கி, நெட்டையை விட்டு மேல்தட்டிலிருந்து பழைய பிளாக் இரண்டை இறக்கச் சொன்னாள். வாட்ச்மேனுடையது ஒன்று, ஆம்புலன்ஸ் டிரைவருடையது ஒன்று. புதிதாக வெட்டிச் சாயம் ஏற்றி, அவளும் டாக்டரம்மாவும் உட்கார்ந்து பார்த்தார்கள். வாட்ச்மேனின் கட்டிக்குள்ளே கடுகு கொட்டிக் கிடந்தது. டிரைவரின் கட்டி வரிசை வரிசையாக, நெய்த துணி மாதிரி ஒழுங்காக இருந்தது. உள்ளே ஒரு ஆள் இல்லை. அவளுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷமாகத் தேடிய அதிர்ஷ்டம் நீலமாகத்தான் இருந்தது!

"ரெண்டு பேரை வச்சு முடிவு கட்டிடாதீங்க" என்றார் டாக்டரம்மா. "ஆனா நிறையப் பேரைப் பாத்தவங்களும் இதையேதான் சொல்றாங்க. இந்தக் கூட்டம் உள்ள இருந்தா மருந்து குடுக்கறதுக்கு முன்னாடியே கொஞ்சம் நல்ல சகுனம்தான். இதோ, உங்க தம்பியோடது வந்த சமயத்துல வந்த இன்னொரு கேஸ். இது மூணாவது ரகம்." வைத்த ஸ்லைடில் கட்டி அதே மாதிரி ஒழுங்கு. நீல ஆட்கள் இருந்தார்கள், ஆனால் எல்லாரும் கட்டிக்கு வெளியே, விளிம்பைச் சுற்றி நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்த கண்ணுக்கு அது விசித்திரமாக இருந்தது. மூடிய கதவுக்கு முன்னால் நிற்கிறவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அவளே முந்திக்கொண்டு வாட்ச்மேனுக்கு ஒரு சல்யூட் வைத்தாள். அவர் மிரண்டுபோனார்.

அதே வாரம் தம்பியைப் பார்க்க மருந்துக் கூடத்துக்குப் போனாள். டீச்சரின் ஃபைல் அவர் மடியில் கிடந்தது. அதன் மூலையில் இருந்த எண், கதவுக்கு வெளியே ஆட்கள் நின்ற அந்த ஸ்லைடின் எண்.

"லேப்ல வேலையாமே?" என்றார் டீச்சர். "எங்களைப் பத்தி உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குமே."

"எண் மட்டும்தான் தெரியும், டீச்சர்" என்றாள் அவள். சொல்லிவிட்டு ஃபைலின் மூலையிலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டாள்.

மழைக்காலம் வந்தது. ஒரு தடவை டீச்சர் வரவில்லை. அடுத்த தடவையும் வரவில்லை. அந்த நாற்காலியில் வேறு யாரோ கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். தம்பி கையில் ஊசியோடு அக்காவைப் பார்த்தான்.

"நர்ஸைக் கேட்டா மழுப்பறாங்க. டீச்சருக்கு அப்புறம் என்னக்கா ஆச்சு?"

அவளுக்குத் தெரியும். காலையிலேயே நர்ஸ் சொல்லியிருந்தாள். இத்தனை வருஷம் முழுக் கதைக்கு ஏங்கியவளுக்கு இந்தக் கதை முழுசாக வேண்டியிருக்கவில்லை. மழுப்பலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவனிடம் ஒரு தடவை தப்பாகச் சொல்லியாகிவிட்டது. இன்னொரு தடவை வேண்டாம்.

"போயிட்டாங்கடா."

தம்பி பாட்டிலில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரே நோய். ஒரே நாள்ல வந்து உக்காந்தோம்" என்றான். பிறகு, "எனக்கு உள்ள வந்து நின்னவங்க, அவங்களுக்கு ஏன்க்கா வரல?"

"வந்தாங்கடா. வெளியிலயே நின்னுட்டாங்க."

"ஏன்?"

"தெரியல."

"உங்க டாக்டரைக் கேளேன்."

"அவங்களுக்கும் முழுசாத் தெரியாதாம். உலகம் பூரா அதைத்தான் தேடறாங்களாம்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஊசி குத்தாத கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சின்னப் பையனாக இருந்தபோது தெருவைக் கடக்க அப்படிப் பிடிப்பான். 

லேபுக்குத் திரும்பியவள் நேராக டாக்டரம்மா அறைக்குப் போனாள்.

"டாக்டர், அந்த டீச்சரோட பிளாக்கை இன்னொரு தடவை வெட்டட்டுமா?"

"அவங்க போயிட்டாங்களேக்கா. இனி எதுக்கு?"

"ஓரத்தோட சேத்து வெட்டறேன்" என்றாள் அப்புறம் அக்கா. "அத்தனை பேர் வாசல் வரைக்கும் வந்திருக்காங்க. ஏன் உள்ள போகலன்னு பாக்கணும்."

டாக்டரம்மா டீயை ஓரமாக நகர்த்திவைத்தார். அவள் தன் மெஷினில் டீச்சரின் பிளாக்கைப் பூட்டி, புது பிளேடு மாட்டி, சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தாள்.